இரண்டு யூனிட், ஒரு எல்கேஜி பிள்ளை

முப்பத்து மூன்று வயதில் ஒருத்தி பணி ஓய்வு பெற முடியுமா என்று கேட்காதீர்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். எம்.டி. பேசும்போது கண் கலங்கினார். இதற்கு மேல் ஓய்வு பெற என்ன வேண்டும்? ஒரகடம் பக்கத்தில் ஆண்களுக்கு ஐம்பத்தெட்டு வயதில் நடப்பது, பெண்களுக்குக் குழந்தை பள்ளியில் சேரும் வருடத்தில் நடந்துவிடுகிறது. ஆண்களுக்கு அதே வருடத்தில் மேனேஜர் பதவி வருவது தற்செயல் என்று எம்.டி. எனக்கு விளக்கியிருக்கிறார்.

என் மகளை மதியமே பள்ளியிலிருந்து விட்டுவிடுகிறார்கள். கம்பெனி மாலையில்தான் விடும். நடுவில் இருந்த அந்தச் சில மணி நேரத்துக்குள் என் வேலை விழுந்து காணாமல் போனது. வேறு காரணம் எதுவும் இல்லை.

போன மாதம், என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள் போன் செய்தார்கள். கம்பெனியில் இப்போது ஒரு டேப்லெட் வாங்கியிருக்கிறார்களாம். கஸ்டமர் மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால், அவருடைய காருக்கு எவ்வளவு பெரிய பேட்டரி என்று அதுவே சொல்லிவிடுமாம்.

“அது சொல்ற நம்பரப் பாத்தா கஸ்டமர் சந்தோஷமா கீறாரு மேடம். எம்.டி.யும் சந்தோஷமா கீறாரு. வண்டி மட்டும் பின்னாடி குந்திக்கினு கீது. நீங்க எப்படிப் போடுவீங்க?” என்று கேட்டாள் அவர்களில் ஒருத்தி.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதியதை மூன்று முறை சரிபார்த்தும்விட்டேன். நான்காவது முறை பார்க்கலாமா என்று யோசிப்பதற்குள் அனுப்பிவிடுவது நல்லது.

நான் படித்தது மின்னியல். கல்லூரியிலிருந்து நேராக ஒரு கார் தொழிற்சாலையில் வயர் சரிபார்க்கும் லைனில் நிறுத்தினார்கள். ஒரே நிறத்தில் ஒரே வயரை ஒரே இடத்தில் செருகியிருக்கிறார்களா என்று பார்க்கும் வேலை. அங்கே நான் கற்றுக்கொண்டது நின்றுகொண்டே தூங்குவது. பிறகுதான் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். ஒரகடம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. பழைய பெட்ரோல் வண்டி, டீசல் வண்டிகளில் இஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் பொருத்தி மின்சார வண்டியாக மாற்றித் தருவோம். வாசலில் மட்டும் கண்ணாடி, ஏசி, செயற்கைப் புல். கஸ்டமர் புல்லைத் தாண்டி உள்ளே வர மாட்டார். வந்தால் ஆர்டர் போய்விடும்.

என் வேலை, ஒரு வண்டிக்கு எத்தனை யூனிட் பேட்டரி என்று முடிவு செய்வது. வீட்டுக் கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். சின்னதாகப் போட்டால் வண்டி நடுரோட்டில் நிற்கும். பெரிதாகப் போட்டால் வண்டி பேட்டரியைச் சுமப்பதற்கென்றே ஊர் சுற்றும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, அது சரிதானா என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும். கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வீட்டுக்குப் போகிறவள் நான். எனக்கு இந்த வேலை பொருந்தியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எம்.டி. அப்படி இல்லை. அவருக்குச் சந்தேகம் வந்து நான் பார்த்ததே கிடையாது. வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். காரின் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார், ஆசீர்வாதம் செய்கிறவர் மாதிரி. அந்த பானெட்டை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. பிறகு கண்ணைத் திறந்து கஸ்டமரிடம் கேட்பார்: “சார், உங்க கனவு எத்தனை கிலோமீட்டர்?”

மண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போய் வருகிற மனிதரிடம் இதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? திருப்பதி என்பார். ஏழு வருடத்தில் திருப்பதி கேட்காத கஸ்டமரை நான் பார்த்ததில்லை. கிறிஸ்தவர்கள் வேளாங்கண்ணி கேட்பார்கள். தினமும் ஓடுகிற தூரத்தை யாரும் நினைக்க மாட்டார்கள். வருடத்தில் ஒரு நாள் மாமியார், மச்சினர், மச்சினரின் மூன்று பிள்ளைகள், புளிச்சோற்று அண்டா எல்லாவற்றோடும் மலையேறப் போகிற அந்த ஒரு நாளை வைத்துத்தான் கார் கணக்கே.

நான் எண்ணைச் சொன்னால் எம்.டி. அதை மேலே தள்ளுவார். “பதினேழா? இருபதுன்னு வச்சுக்கலாம். இருபதா? இருபத்தஞ்சுன்னா கேக்கறதுக்கு நல்லா இருக்கும்ல?” சம்பள உயர்வு பேசும்போது மட்டும்தான் அவருக்குக் கீழே இறங்கும் வழி தெரியும்.

ஒரு சூப்பர்வைசர், மனைவியோடு வந்தார். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன்.

“நூறு கிலோமீட்டர் ஓடும் மேடம்.”

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். “யாரு, நீயா? கம்பெனி பஸ்ல போற ஆளு நீ. கார் கவர் போட்டுக்கினு வூட்டாண்ட நிக்கிது. அதுமேல பூனை குட்டி போட்டு வச்சிக்கீது மேடம்.”

“ஞாயித்துக்கிழம எடுக்கறேன்ல?”

“எடுக்கற. கத்திரிக்கா வாங்க.”

கத்திரிக்காய்க்குப் பத்து யூனிட் போதும் என்று நான் கணக்குப் போட்டேன். எம்.டி. பானெட்டின் மேல் கையை வைத்தார். கனவைக் கேட்டார். திருப்பதி வந்தது. முப்பது யூனிட் போட்டோம். டிக்கி முழுக்க பேட்டரி. அந்த வருடம் குடும்பத்தோடு கிளம்பும்போது பெட்டி வைக்க இடமில்லை. பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்ததும் டயர் மட்கார்டில் உரசியது. காரை வீட்டில் நிறுத்திவிட்டு, வாடகை வேன் பிடித்துத் திருப்பதிக்குப் போய் வந்தார்கள். அந்த அம்மா எங்களுக்கு லட்டு கொடுத்தனுப்பினார். அதை எம்.டி. வாடிக்கையாளர் திருப்தி என்று போட்டோ எடுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். இதைத்தான் அந்தப் பெண்கள் கேட்டார்கள்.

முதலில் கணவனிடம் கேட்க வேண்டும். பிறகு அவர் தண்ணீர் குடிக்கப் போகும்போது மனைவியிடம் கேட்க வேண்டும். ஓட்டுவது பெண்ணாக இருந்தால், அவர் இல்லாதபோது அவருடைய பிள்ளையிடம். அடுத்து எடை. பேட்டரியை முடிவு செய்கிறவர்கள் கிலோமீட்டரையே பார்ப்பார்கள், கிலோவைப் பார்க்க மாட்டார்கள். வண்டியை லாரி எடை மேடைக்குக் கொண்டு போவேன். முன் சக்கரம் மட்டும் மேடையில் ஏற ஒரு எடை, பின் சக்கரம் மட்டும் ஏற ஒரு எடை. எஃகுச் சுருள் ஏற்றிய ட்ரெய்லர்களுக்கு நடுவில் என்னுடைய சின்ன கார் போய் நிற்கும். மேடைக்காரர் ஜன்னலிலிருந்து, “இன்னா மேடம், இன்னிக்கும் காலி டப்பா தானா?” என்பார். இஞ்சின், பெட்ரோல் டேங்க், சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றியபின் மறுபடியும் எடை. குறைந்தது எவ்வளவோ, அதுதான் நாம் திரும்ப ஏற்றிக்கொள்ள உரிமையுள்ள எடை. அதற்கு மேல் போனால் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடையைத் தாண்டிவிடும். ப்ரேக்குக்கும் தெரியும், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் தெரியும்.

கடைசியாக, அந்த வண்டி ஓடுகிற பாதையில், ஓடுகிற நேரத்தில், ஏற்றுகிற ஆட்களோடு நானும் உட்கார்ந்து ஒரு முறை போய் வருவேன். கம்பெனியில் இதற்குப் பெயர் மேடம் டூர். டீசலுக்கு எம்.டி.யிடம் கையெழுத்து வாங்குவதற்குள் அந்தப் பாதையை நடந்தே முடித்துவிடலாம். வருகிற கணக்கில் பேட்டரியின் அடியில் கொஞ்சம் தொடாமல் விட வேண்டும், பேட்டரிக்கு வயதாவதற்குக் கொஞ்சம், மழைக்குக் கொஞ்சம். அவ்வளவுதான் என் வித்தை. டேப்லெட்டுக்கு இதில் எதுவும் தெரியாது. அது மனைவியிடம் கேட்காது.

இனி ஸ்டெல்லா அக்காவின் வேன்.

அக்காவுக்கு மண்ணூர். பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். முதலில் அவர் கணவர்தான் ஓட்டினார். முதுகில் ஆபரேஷன் ஆனபின் அவர் வீட்டில் சமைக்கிறார், அக்கா ஓட்டுகிறார். எங்களிடம் வந்தபோது வேனை இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்து வந்தது. இஞ்சின் முழுக்கப் போய்விட்டது. எம்.டி. பானெட்டைத் தேடினார். அந்த வேனுக்கு பானெட் கிடையாது, முன்பக்கம் தட்டை. கொஞ்சம் தடுமாறி, கதவின் மேல் கையை வைத்தார்.

“அம்மா, உங்க கனவு எத்தனை கிலோமீட்டர்?”

“கனவா? தூங்கினா தானே சார் கனவு வரும். எனக்கு நடுவழியில நிக்கக் கூடாது. அது ஒண்ணு போதும்.”

ஏன் என்று நான் கேட்டேன். பள்ளியில் புதிதாக ஒரு மஞ்சள் பஸ் வாங்கியிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் அதில் ஏற வேண்டும் என்று நிர்வாகம் ஆசைப்படுகிறது. பஸ் சந்துக்குள் வராது, அக்காவின் வேன் வீட்டு வாசல் வரை வரும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அம்மாக்கள் வேனை விடவில்லை.

“லீவு நாள்ல இஞ்சின் போச்சு, ஏசப்பா காப்பாத்தினாரு. பசங்கள வச்சிக்கினு ஒரே ஒரு நாள் ரோட்டுல நின்னேன்னு வை, மறுநாளு அத்தினி பேரும் பஸ்ல குந்திக்கினு எனக்கு டாட்டா காட்டும். அப்புறம் நான் இந்த வண்டில கோழி தான் வளக்கணும்.”

“முப்பது யூனிட் போட்டுடலாம்மா. நிக்கவே நிக்காது” என்றார் எம்.டி. நிற்கவே நிற்காது என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்விகள் அவர் காதில் சரியாக விழவில்லை. தூரம்? ஏதோ நாற்பது கிலோமீட்டர். பிள்ளைகள்? எட்டு.

“எட்டுன்னா எட்டு தானா அக்கா?”

“எட்டு ஆளு தாம்மா. சின்னப் பசங்க.”

அப்போது அக்கா தன் தம்பியின் வேனை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். அதுவும் அதே மாதிரி வண்டி. மறுநாள் காலை நான் அதில் ஏறினேன். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. வாசலில் அழுதவளை அப்படியே அத்தையிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அழுகை நின்றதா என்று இரண்டு முறை போன் செய்தேன். இரண்டாவது முறை அத்தை, “நின்னிருந்துச்சு. போன் சத்தத்துல மறுபடி ஆரம்பிச்சுடுச்சு” என்றார். மூன்றாவது முறை செய்யவில்லை.

மண்ணூரிலேயே எட்டுப் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். சரி, இனி நேராகப் பள்ளி என்று நினைத்தேன். வேன் பென்னலூர் பக்கம் திரும்பியது. அங்கே ஒவ்வொரு சந்திலும் ஒரு பிள்ளை நின்றிருந்தது. ஒருத்தி கையில் இட்லியோடு. ஒருவனுக்கு ஒரு காலில் மட்டும் ஷூ, இன்னொரு ஷூ அவன் அம்மா கையில். “ரெண்டு நிமிஷம்க்கா!” என்று அவர் உள்ளே ஓடினார். என் மடியில் ஒரு யூகேஜி, என் பாதத்தின் மேல் ஒரு எல்கேஜி. பைகள் எல்லாம் மேலே கேரியரில், கயிறு போட்டு மூட்டையாக.

“ஆன்ட்டி, நீங்க எந்த கிளாஸ்?” என்று மடியில் இருந்தவன் கேட்டான்.

பதினைந்து பிள்ளைகள். பள்ளி வாசலில் இறக்கிவிட்டபின் நான் அக்காவைப் பார்த்தேன்.

“எட்டுன்னு சொன்னீங்களே?”

“ஆமா. ரெண்டு சின்னது சேந்தா ஒரு ஆளு. கணக்குப் போட்டுக்க.”

அக்கா பொய் சொல்லவில்லை. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பஸ்ஸில் அரை டிக்கெட், கல்யாணத்தில் அரை இலை, ஷேர் ஆட்டோவில் மடி. பிள்ளை முழு ஆளாவதற்குப் பத்தாம் வகுப்பு பரீட்சை எழுத வேண்டும். ஆனால் அந்த அரை ஆளின் புத்தகப் பை மட்டும் முழு ஆள். ஒரு பையைத் தூக்கிப் பார்த்தேன். எனக்குத் தோள்பட்டை இறங்கியது. மூன்று வயதுப் பிள்ளைக்குப் படிக்க அவ்வளவு இருக்கிறது என்பதை என் மகளை நினைத்துக் கவலையோடு குறித்துக்கொண்டேன்.

மாலையில் வேனைப் பிள்ளைகளோடு நேராக எடை மேடைக்கு ஓட்டச் சொன்னேன். அக்காவுக்குக் கோபம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இரண்டு ட்ரெய்லருக்கு நடுவில் வேன் மேடையில் ஏறியதும் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

“ஆன்ட்டி, நம்மள எடைக்குப் போடப் போறாங்களா?”

“பழைய பேப்பர் மாதிரியா?”

“எங்கம்மா என்னப் போட்டா பேரீச்சம்பழம் வரும்னு சொன்னாங்க.”

மேடைக்காரர் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். “இன்னா மேடம், இன்னிக்கு லோடு கீதே! தார்ப்பாய் கட்டலியா?”

பின் சக்கரத்தின் எடையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பேட்டரி எதுவும் போடாமலே அந்த வேன் தன் எல்லையைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருந்தது. தாண்டியதில் பாதி பிள்ளைகள், பாதி பைகள்.

வீட்டில் மகளை மடியில் போட்டுக்கொண்டு கணக்குப் பார்த்தேன். இஞ்சினும் மற்றதும் கழன்று, மோட்டார் ஏறியபின், அந்த வேனில் மிச்சமிருப்பது பதினாறு யூனிட் பேட்டரிக்கான எடைதான். ஒரு யூனிட்டுக்குப் பெட்டியோடு ஒன்பது கிலோ. இரண்டு யூனிட் சேர்ந்தால் ஒரு எல்கேஜி பிள்ளை. எம்.டி. சொன்ன முப்பதில் பதினான்கு அதிகம். அதாவது ஏழு எல்கேஜி பிள்ளைகள் பின் சீட்டில் நிரந்தரமாக, இறங்காமல், பேசாமல், வேன் இருக்கும்வரை உட்கார்ந்து வரப் போகிறார்கள். அவர்களைச் சுமக்கவே தனியாகக் கரண்ட் ஆகும்.

மறுநாள் எம்.டி.யிடம் சொன்னேன்.

“பதினாறா? நீங்க நெகட்டிவா யோசிக்கறீங்க. அந்தம்மாவுக்கு நிம்மதி வேணும். நாம நிம்மதி விக்கறோம்.”

“நிம்மதி இருநூத்தி எழுபது கிலோ சார். ஆக்சில் தாங்காது.”

“ஸ்ப்ரிங்ல ஒரு பட்டை கூடப் போட்டா தாங்கும்.”

வேனுக்கு அடியில் படுத்திருந்த முருகேசன் தலையை வெளியே நீட்டினார். எங்கள் மெக்கானிக், தென்காசிக்காரர். “பட்டை போட்டா ஸ்ப்ரிங்கு தாங்கும் சார். ப்ரேக்குக்கு எங்க பட்டை போட? ஏதோ எனக்குத் தெரிஞ்சத சொல்லுதேன். நீங்க பாத்து முடிவு பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவருக்கு அப்ரைசல் அந்த வாரம்.

அக்காவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பதினாறு யூனிட், ஒரு ட்ரிப்பில் எட்டுப் பிள்ளைகள், அந்த எட்டு உண்மையான எட்டு, கேரியரைக் கழற்றிவிட வேண்டும் என்றேன்.

“நீ எனக்கு பேட்டரி போடுறியா, போலீஸ் வேல பாக்கறியா?” என்றார். “மீதிப் பசங்கள நான் இன்னா பண்றது? பெரிய பேட்டரி போட்டா நிக்காதுன்னு உங்க சாரே சொல்றாரு. நீ நடுவுல வந்து கொறைக்கற. நாளைக்கு நின்னா நீ வந்து தள்ளுவியா?”

அவர் கேட்டது நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். வேனின் பின் கதவைத் திறந்து, சுண்ணாம்புக் கட்டியால் பின் சீட்டில் ஒரு கோடு போட்டேன். முப்பது யூனிட் என்றால் பெட்டி இதுவரை வரும். அக்கா கோட்டைப் பார்த்தார்.

“இங்க பிரின்சியும் ரோஷனும் குந்துவாங்க. அந்த ட்வின்ஸு ரெண்டும் இங்க.”

“அவங்க எடத்துலதான் பேட்டரி உக்காரும்.”

“பேட்டரி எனக்கு ஃபீஸ் குடுக்குமா?” என்றார் அக்கா. கதவைச் சாத்தினார். “பதினாறே போடு.”

ஆனால் பதினாறு போட்டால் மட்டும் போதாது. பிள்ளைகளை இரண்டு ட்ரிப்பாக ஏற்ற வேண்டும், ஓட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். காலை இரண்டு ட்ரிப் முடிந்ததும் எங்காவது சார்ஜ் போட்டால்தான் மாலைக்குத் தாங்கும். அங்கேதான் எனக்குப் புரிந்தது, எத்தனை யூனிட் என்பது பாதிக் கேள்வி, பகலில் ப்ளக் எங்கே என்பது மீதிப் பாதி. பள்ளியில் கேட்டோம். பஸ் வாங்கியவர்கள் வேனுக்குக் கரண்ட் கொடுப்பார்களா? பள்ளிக்கு அருகில் இருந்த சர்ச்சில் பாதரிடம் கேட்டோம். மீட்டர் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னார். கூடவே, “ஞாயித்துக்கிழமை பூசைக்கு நாலு பாட்டிங்கள ஏத்திக்கினு வந்துடும்மா ஸ்டெல்லா” என்றார். கடவுளுக்கும் கிலோமீட்டர் தேவைப்படுகிறது.

அடுத்தது அம்மாக்கள். முதல் ட்ரிப் அரை மணி நேரம் முன்னால் வரும். யார் வீட்டுப் பிள்ளை முதல் ட்ரிப்? சர்ச் வாசலில் கூட்டம் போட்டோம். அந்த ஊரில் சீட்டுக் கம்பெனி ஓடிப்போனபோதுகூட அவ்வளவு சத்தம் இருந்திருக்காது.

“எம் பையன் அந்நேரத்துக்கு எழுந்துக்கவே மாட்டான்.”

“உம் பையன் மட்டும் இன்னா ஸ்பெஷலா? எம் பொண்ணு மட்டும் கோழி கூவறப்ப எழுந்துக்கினு கீறாளா?”

“கேரியர் இல்லன்னா பைய எங்க வைக்கறது?”

“பாதி புக்க வூட்ல வச்சிட்டுப் போவட்டும். படிக்கவா போறானுங்க?”

ஓரமாக நின்ற ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். “நீங்க தானே பேட்டரிய கொறைக்கச் சொன்னது? வண்டி நடுவுல நின்னா பொறுப்பு யாரு? எங்களுக்கு பஸ்ஸு ரெடியா கீது.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் தைரியமாக, “நிக்காதுங்க” என்றேன். வாழ்க்கையில் எம்.டி. மாதிரி நான் பேசியது அந்த ஒரு முறைதான். அன்று வீட்டுக்குப் போய் கணக்கை மறுபடி போட்டேன். அதே எண் வந்தது. எண் மாறாததாலேயே அதன் மேல் சந்தேகம் அதிகமானது.

வேனைக் கொடுக்கும்போது எம்.டி. செயற்கைப் புல்லின் மேல் ரிப்பன் கட்டியிருந்தார். என்னிடம் மட்டும் மெதுவாக, “சின்ன கனவு” என்றார். வேன் சத்தமே இல்லாமல் போனது. பிள்ளைகள் இறங்கி ஏறுவதும் சண்டை போடுவதும்தான் தெருவில் கேட்டது. முதல் சில வாரங்கள் அக்காவுக்குத் தினமும் போன் செய்து எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். பிறகு அவர் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அந்த நவம்பரில் ஒரு நாள் விடியற்காலையிலிருந்தே மழை. பள்ளி விடுமுறை விடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்து, அக்கா சர்ச்சில் வேனை ப்ளக்கில் போட்ட சிறிது நேரத்தில் பள்ளியிலிருந்து எல்லா அம்மாக்களுக்கும் மெசேஜ்: தண்ணீர் ஏறுகிறது, பிள்ளைகளை உடனே அழைத்துச் செல்லவும். எனக்கு அதை அனுப்பியவர் அன்று கூட்டத்தில் பொறுப்பு யாரென்று கேட்டவர். கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: “சர்ச்சுல கரண்டும் இல்ல.”

கணக்கைப் போட எனக்குப் பேப்பர் தேவைப்படவில்லை. காலை இரண்டு ட்ரிப்பில் பாதி போயிருக்கும். நடுவில் ஏறியது ஒன்றுமில்லை. இப்போது மறுபடியும் இரண்டு ட்ரிப், அதுவும் வழியிலிருக்கும் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றுப்பாதையில். மழைக்கென்று நான் கொஞ்சம் ஒதுக்கியிருந்தேன். நான் ஒதுக்கியது ஒரு மழை. வெளியே பெய்துகொண்டிருந்தது இன்னொன்று.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருப்பார். மறுபடி செய்தேன். எம்.டி. ஜன்னல் பக்கம் நின்று மழையை ரசித்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கே முப்பது போட்டிருந்தா இப்ப நீங்க காபி குடிச்சுக்கிட்டு இருப்பீங்க” என்றார். சுண்ணாம்புக் கோட்டுக்குள் உட்காரும் நான்கு பிள்ளைகளை நினைத்தேன். முப்பது போட்டிருந்தால் அவர்கள் பஸ்ஸில் போயிருப்பார்கள், உயரமான பஸ், தண்ணீருக்கு மேலே. அதுதான் நல்லதோ? மறுபடி போன் செய்தேன். ரிங் போனது. மறுபடி செய்தேன். ரிங் போனது.

“மேடம்,” என்றார் முருகேசன், “நீங்க போன் அடிச்சா வண்டிக்கு சார்ஜ் ஏறிருமா? கொஞ்சம் விடுங்க, அவங்க ஓட்டட்டும்.”

விடவில்லை. கொஞ்ச நேரத்தில் ரிங் போவதும் நின்றது. ஸ்விட்ச் ஆஃப். தண்ணீரில் போன் விழுந்திருக்கும், வேன் நின்றிருக்கும், பிள்ளைகள் ரோட்டில் இறங்கியிருப்பார்கள், மஞ்சள் பஸ் பக்கத்தில் வந்து நின்று கதவைத் திறந்திருக்கும் என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டேன். கம்பெனி வண்டியின் சாவியைக் கேட்டேன். கையெழுத்து வேண்டும் என்றார் எம்.டி.

அப்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

“எம்மா, நான் தான் ஸ்டெல்லா. இது ட்வின்ஸு அம்மா போனு.”

“அக்கா! எங்க நிக்கறீங்க? வண்டி நின்னுடுச்சா?”

“நிக்கிது. அவங்க வூட்டு வாசல்ல நிக்கிது. கடசி ரெண்ட எறக்கிக்கினு கீறேன்.”

“பசங்க எல்லாம்?”

“எல்லாம் வூட்ல கீதுங்க.”

“சார்ஜு? சார்ஜு எவ்வளவு இருக்குக்கா?”

“வண்டில கீதும்மா, வூடு போய்ச் சேருவேன். என் போன்ல தான் இல்ல. நீ அடிச்சு அடிச்சே தீத்துட்ட. இனிமே மழ வந்தா மொதல்ல உன் போன ஆஃப் பண்ணிட்டு ஒரு டீ குடி.”